வருகையும் வாசிப்பும்: இணையத்தளக் கணக்கு பற்றியதொரு திறனாய்வு

தமிழ் நூல்களைத் தாங்கி நின்ற பொருள் காலந்தோறும் மாறி வந்துள்ளது. பனையோலையில் வாழ்ந்த நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறின. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்ததும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் 1887ஆம் ஆண்டிலேயாம். அதற்கு 111 ஆண்டுகள் கழித்து, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், மதுரைத் திட்டம் என்னும் மின்னூல் முயற்சி தொடங்கிற்று. 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் தொகுக்கும் ‘நூலகம்’ என்னும் மின்னூலகமும் தோன்றின. தாங்கும் பொருள் மாறுந்தோறும் வாசகரை அளக்குங் கோலும் மாறிற்று. ஏட்டுச் சுவடியின் செல்வாக்கு அது எத்துணை முறை படியெடுக்கப்பட்டது என்பதால் அறியப்பட்டது. அச்சு நூலின் செல்வாக்கு விற்ற படிகளால் அறியப்பட்டது. இணையத்திலுள்ள நூலின் செல்வாக்கோ வருகைக் கணக்கினால் அறியப்படுகின்றது.

இக்கணக்கு செய்தியாக நில்லாது தீர்ப்பாகவும் ஆகிவிட்டமையே ஈண்டு ஆராய்தற்குரியது. எந்த நூலை முதலில் மின்வடிவமாக்குவது, எந்தப் பகுதியைத் தொடர்வது, எதனைக் கைவிடுவது, எத்தளத்துக்குப் பொருளுதவி நல்குவது என்பனவெல்லாம் எண்களைக் கொண்டே முடிவுசெய்யப்படும் நிலை வளர்ந்து வருகின்றது. இதன்கண் இருசாரார் உளர். எண் பொய் சொல்லாது எனக் கருதி அறிக்கையின் இறுதி வரியையே முடிந்த முடிபாகக் கொள்வோர் ஒருசாரார். இலக்கியத்தை எண்ணால் அளத்தல் தகாது எனக் கூறி அறிக்கையை நோக்காது விடுவோர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கையும் பொருந்தா. பழஞ்சுவடி ஒன்று கைக்கு வந்தவிடத்து அறிவுடைய பதிப்பாசிரியர் அதனை அப்படியே அச்சிடுவதுமில்லை. பிழை மலிந்தது என எறிந்துவிடுவதுமில்லை. எழுதியவர் யார், எதனைப் பார்த்து எழுதினார், எவ்விடத்தில் ஏடு முறிந்தது, எவ்விடத்தில் பிறர் சொல் புகுந்தது என ஆராய்ந்த பின்னரே பாடத்தைத் துணிவர். வருகைக் கணக்கும் அவ்வாறு ஆராயப்படவேண்டிய ஒரு சுவடியே என்பது இக்கட்டுரையின் துணிபு.

எண்ணின் பிறப்பை முதலில் நோக்குதல் வேண்டும். ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அக்கருவி, தளத்தைத் தாங்கிநிற்கும் வழங்கி என்னுங் கணினிக்கு ஒரு வேண்டுகை அனுப்புகின்றது. வழங்கி அதனைத் தன் பதிவேட்டிற் குறித்துக்கொள்கின்றது. இணையத்தின் இளமைக் காலத்தில் இக்குறிப்புகளின் தொகையே ‘ஹிற்’ என்னும் பெயராற் பெருமையுடன் வெளியிடப்பட்டது. ஆயின் ஒரு பக்கத்தில் 20 படங்கள் இருப்பின், பக்கத்துக்கு ஒன்றும் படங்களுக்கு இருபதுமாக 21 வேண்டுகைகள் பதிவாகும். ஒருவர் ஒருமுறை பார்த்தது இருபத்தொன்றாயிற்று. படங்களைக் கூட்டினாற் புகழும் கூடும் என்னும் இவ்விந்தை நெடுங்காலம் நிலைக்கவில்லை. பின்னர், பக்கத்தினுள்ளேயே ஒரு சிறு நிரலை வைத்து, அது வாசகரின் உலாவியில் இயங்கிச் செய்தி அனுப்பும் முறை பரவிற்று. கூகுள் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் அர்ச்சின் என்னும் நிறுவனத்தை வாங்கி, அவ்வாண்டு நவெம்பர் மாதத்தில் ‘கூகுள் அனலிற்றிக்ஸ்’ என்னுஞ் சேவையை வெளியிட்டது. கட்டணமின்றிக் கிடைத்தமையால் சிறிய தளங்களுங்கூட அம்முறையைக் கைக்கொண்டன. இம்முறையிலும் எண்ணப்படுவது ஒரு கருவியின் செயலேயாம். மனிதரின் வாசிப்பு அங்கு நேரே எண்ணப்படுவதில்லை.

அறிக்கையின் முதல் வரியில் நிற்பது ‘பக்கப் பார்வை’ என்னும் எண். ஒரு பக்கம் ஒருமுறை திறக்கப்படின் அது ஒரு பார்வை. இணைப்பு அறுந்து மீண்டும் திறப்பின் அது இரண்டாம் பார்வை. முன்பக்கத்துக்குப் போய்த் திரும்பின் அது மூன்றாம் பார்வையாகலாம். தளத்தை நடத்துவோர் பிழைதிருத்துவதற்காகத் திறந்து பார்ப்பதும், விலக்கி வைக்கப்படாவிடின், பார்வையாகவே எண்ணப்படும். இவை சிறு குறைகள். பெருங்குறை யாதெனின், பார்ப்பவை எல்லாம் மனிதர் அல்ல என்பது. தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களும், செயற்கை அறிவு முறைகளுக்காக எழுத்துக்களைத் திரட்டும் நிரல்களும் பக்கம் பக்கமாகத் திறந்து செல்கின்றன. அவற்றுட் சில தம்மை வெளிப்படையாக அறிவிக்கும். சில மனித வாசகரின் வேடம் பூண்டு வரும்.

இதற்குத் தக்க சான்று விக்கிமீடியா நிறுவனத்தின் அனுபவம். அந்நிறுவனம் தமிழ் உட்பட எல்லா மொழி விக்கிப்பீடியாக்களின் பார்வைக் கணக்கையும் எவரும் காணுமாறு வெளியிட்டு வருகின்றது. 2015 முதல் தம்மை அறிவிக்கும் நிரல்களை மனிதரினின்றும் வேறுபிரித்தும், 2020 முதல் தம்மை அறிவியா நிரல்கள் என ஐயுறத்தக்கவற்றை மற்றொரு வகையாக ஒதுக்கியும் அது கணக்கிடுகின்றது. இத்துணை விழிப்பிருந்தும், 2025ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களில் மனிதப் பார்வை எனத் தோன்றிய எண் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தது. அவ்வுயர்வின் பெரும்பகுதி பிரேசில் நாட்டிலிருந்து வந்ததாகக் காணப்பட்டது. ஆராய்ந்தபோது அவற்றுட் பெரும்பாலானவை வேடம் பூண்ட நிரல்களே எனத் துணியப்பட்டது. பிரித்தறியும் முறையைத் திருத்திய பின் மீளக் கணக்கிட்டபோது, மனிதப் பார்வை முந்திய ஆண்டின் அதே மாதங்களை நோக்க ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்திருந்தது என அவ்வாண்டு ஒக்டோபரில் அந்நிறுவனம் அறிவித்தது. ஏற்றம் எனப்பட்டது இறக்கமாயிற்று. தன் முன்னைய பாடத்தைத் தானே திருத்தி வெளியிட்ட இச்செயல் நல்ல பதிப்பாசிரியருக்குரிய நேர்மையாகும். அத்துணை வசதியில்லாத சிறு தளங்களின் அறிக்கைகளில் இத்தகைய இடைச்செருகல் எவ்வளவு கலந்துள்ளது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

அடுத்து நிற்பது ‘தனி வருகையாளர்’ என்னும் எண். பெயர் ஆளைக் குறிப்பது போலத் தோன்றினும் அது குறிப்பது ஆளை அன்று. தளம் ஒருவரின் உலாவியில் ‘குக்கி’ எனப்படும் சிறு அடையாளக் குறிப்பொன்றை வைக்கின்றது. அக்குறிப்பு அடுத்த முறையும் காணப்படின் அவர் பழைய வருகையாளர், காணப்படாவிடின் புதியவர். ஒருவர் காலையிற் கைப்பேசியிலும், பகலில் அலுவலகக் கணினியிலும், இரவில் வீட்டுக் கணினியிலும் ஒரே கட்டுரையைப் பார்ப்பின் அவர் மூவராவர். அப்பிள் நிறுவனத்தின் சவாரி என்னும் உலாவி, பக்கத்தினுள் இயங்கும் நிரல்கள் வைக்கும் குக்கிகளின் ஆயுளை 2019 முதல் 7 நாளாகச் சுருக்கிவிட்டது. ஆதலின் பத்து நாளுக்கொருமுறை தவறாது வரும் உண்மை வாசகர் ஒவ்வொரு முறையும் புதியவராகவே எண்ணப்படலாம். நெடுங்கால உறவு அறிக்கையில் முதற்சந்திப்பாகப் பதியும்.

இதன் மறுதலையும் உண்டு. இலங்கைத் தமிழூர்களின் சனசமூக நிலையங்களையும் வாசிகசாலைகளையும் அறிந்தோர்க்கு இது விளக்க வேண்டுவதில்லை. அங்கு வரும் ஒரு பத்திரிகைப் படி காலை முதல் மாலை வரை பலர் கைமாறும். எழுத்தறியாத முதியவர்க்கு இளைஞர் உரக்க வாசித்துக் காட்டுவதும் உண்டு. விற்பனைக் கணக்கில் அஃது ஒரு படியே. அமெரிக்காவில் 1914இலும் இந்தியாவில் 1948இலும் பத்திரிகை விற்பனையைத் தணிக்கை செய்யும் அமைப்புகள் தோன்றியபோதும், அவை சான்று கூறியது படிகளின் தொகைக்கே. வாசகரின் தொகை அதனினும் வேறு என்பதை அச்சுலகம் நன்கு உணர்ந்திருந்தது. இணையத்திலும் அவ்வாறே. ஓராசிரியர் மின்னூலகத்தினின்றும் ஒரு சிறுகதையைப் பெற்று, படியெடுத்து, வகுப்பிலுள்ள 40 மாணவர்க்கு வழங்கின், கணக்கில் வருபவர் ஒருவரே. மதுரைத் திட்டத்தின் நூல்கள் எவரும் எடுத்துப் பகிரலாம் என்னும் இசைவோடு வெளியிடப்படுபவை. அவை வட்ஸ்அப் வழியாகவும் பிற தளங்கள் வழியாகவும் பரவுந்தோறும் அவற்றின் வாசகர் பெருகுவர். மூலத்தளத்தின் எண்ணோ அசையாது நிற்கும். கோயில் வாயிலிற் கிடக்கும் செருப்புகளை எண்ணி அடியார் தொகையைத் துணிபவன், வெறுங்காலோடு வந்தவர்களை எங்ஙனம் அறிவான்?

இவ்விடத்தும் விக்கிமீடியாவின் சொல்வழக்கு பாராட்டுக்குரியது. அந்நிறுவனம் வெளியிடும் கணக்கில் ‘தனி வாசகர்’ என்னும் பெயர் இல்லை. ‘தனிக் கருவிகள்’ என்றே பெயரிடப்பட்டுள்ளது. எண்ணியது எதுவோ அதன் பெயரையே எண்ணுக்கு இடுதல் திறனாய்வு நேர்மையின் முதற்படி.

மூன்றாவதாக ‘அமர்வு’, ‘தங்கிய நேரம்’, ‘பவுன்ஸ் வீதம்’ என்பன. கூகுள் சேவையின் பொதுவழக்கில், ஒருவர் 30 நிமிடம் எச்செயலும் செய்யாதிருப்பின் அமர்வு முடிந்ததாகக் கொள்ளப்படும். நீண்ட கட்டுரையொன்றைத் திறந்து வைத்துவிட்டு உணவருந்தி வந்து தொடர்பவர் இரண்டு அமர்வினராவர். பழைய முறையில் ஒரு பக்கத்திற் தங்கிய நேரம், அப்பக்கத்தைத் திறந்த நேரத்துக்கும் அடுத்த பக்கத்தைத் திறந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாடாகக் கணிக்கப்பட்டது. அடுத்த பக்கம் திறக்கப்படாவிடின் கழித்தற்கு இரண்டாம் எண் இல்லை; எனவே நேரம் சுழியம். அத்தகையோர் ஒரு பக்கத்தோடு மீண்டவர் எனப்பட்டு, அவர் விழுக்காடே பவுன்ஸ் வீதம் எனப்பட்டது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். மூதூர் தந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ போன்றதொரு சிறுகதைத் தொகுதி ஒரு தளத்தில் பீ.டி.எவ். கோப்பாக இடப்பட்டிருப்பதாகக் கொள்க. வாசகர் ஒருவர் தேடுபொறி வழியே வருகின்றார், நூற்பக்கத்தைக் காண்கின்றார், கோப்பை இறக்கிக்கொண்டு சில செக்கன்களில் அகன்றுவிடுகின்றார். அன்றிரவு முழுவதும் அத்தொகுதியை ஒரு கதையும் விடாது வாசிக்கின்றார். பக்கத்திலுள்ள நிரல் கோப்பினுள் இயங்குவதில்லை. ஆதலின், இறக்கத்தைத் தனியே குறிக்கும் ஏற்பாடு செய்யப்படாத பழைய கணக்கில் அவர், தங்கிய நேரம் சுழியமாய், ஏமாந்து மீண்டவராகவே பதிவாவர். வேறொருவர் நூலைக் காணாது ஐந்து பக்கங்களில் அலைந்து சலிக்கின்றார். அவரோ ஈடுபாடு மிக்க வாசகராகப் பதிவாவர். விரும்பியது உடனே கிடைத்தல் குறையாகவும், கிடையாது அலைதல் சிறப்பாகவும் எண்ணப்படுவது இவ்வளவையின் உட்பிழை.

மேலும், பெயர் மாறாதிருக்கப் பொருள் மாறுவதும் உண்டு. 2020இல் கூகுள் தன் சேவையின் நான்காம் பதிப்பை வெளியிட்டது. 2023 யூலை 1 முதல் பழைய பதிப்பின் பொதுச்சேவை புதிய தரவுகளை ஏற்பதை நிறுத்திற்று. புதிய பதிப்பில், 10 செக்கனுக்கு மேல் நீடித்த அமர்வு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட அமர்வு, தளத்தார் முதன்மை எனக் குறித்த செயலொன்று நிகழ்ந்த அமர்வு ஆகியன ‘ஈடுபாட்டு அமர்வு’ எனப்படும். இவற்றுள் எதுவும் அல்லாத அமர்வுகளின் வீதமே இன்று பவுன்ஸ் வீதம். ஆகவே ஒரே பக்கத்தை 11 செக்கன் பார்த்து அகன்றவர் முன்பு மீண்டவர், இன்று ஈடுபாடுடையவர். 2022க்கும் 2024க்கும் உரிய இரு பவுன்ஸ் வீதங்களை அருகருகே வைத்து, தளம் முன்னேறியது எனக் கூறுவது, ஒரே பெயருடைய வெவ்வேறு நூல்களை ஒன்றெனக் கொண்டு ஒப்பிடுவதற்கு நிகராம். 10 செக்கனை ஈடுபாடு எனக் கொண்டதும் ஒரு வசதிக்காகவே. ஒரு வெண்பாவைப் பொருளுணர்ந்து வாசித்தற்கு அக்காலம் போதாது. ஒரு தொலைபேசி எண்ணைக் கண்டறிதற்கு அது மிகை.

சராசரி என்னும் எண்ணும் எச்சரிக்கையுடன் கையாளற்பாலது. பதின்மர் ஒரு கட்டுரையைத் திறந்தனர். ஒன்பதின்மர் 10 செக்கனில் அகன்றனர். ஒருவர் 20 நிமிடம் இருந்து முற்றும் வாசித்தார். மொத்தம் 1,290 செக்கன். சராசரி 129 செக்கன், அஃதாவது 2 நிமிடம் 9 செக்கன். வாசகர் ஏறத்தாழ இரண்டு நிமிடம் வாசிக்கின்றனர் என அறிக்கை கூறும். உண்மையில் இரண்டு நிமிடம் வாசித்தவர் ஒருவருமில்லர். இச்சராசரியை நம்பிக் கட்டுரைகளையெல்லாம் இரண்டு நிமிட அளவினதாகச் சுருக்கும் ஆசிரியர், வராத வாசகருக்காக வந்த ஒரே வாசகரை இழப்பர். சிறு எண்களின் சதவீதமும் இத்தகையதே. நான்கு வருகை எட்டாயின் வளர்ச்சி 100 சதவீதம் என அறிக்கை முழங்கும். வந்தவரோ நால்வர் மிகையாக.

வருகையாளர் எவ்விடத்தவர் என்னும் கணக்கே இவையனைத்தினும் ஆழ்ந்து நோக்கற்பாலது. அதன் குறையைக் கொட்டியாரக் குடாவின் தென்பாலுள்ள சம்பூரைக் கொண்டு விளக்குதல் பொருந்தும். அவ்வூர் மக்கள் 2006இல் போரினால் இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முதலிய இடங்களிலிருந்த முகாம்களில் அவர்களுட் பலர் பல்லாண்டு வாழ்ந்தனர். வேறு சிலர் கடல்கடந்து சென்றனர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் நிலம் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட, மக்கள் மீளத் தொடங்கினர். இவ்வூர் பற்றிய ஒரு பக்கத்தை, ஊரிலுள்ள ஒருவரும், திருகோணமலை நகரில் வாழும் அவர் உறவினரும், தொறன்ரோவிலுள்ள மற்றோர் உறவினரும் வாசிப்பதாகக் கொள்க. கணக்கறிக்கை இடத்தை ஐ.பி. முகவரி என்னும் இணைப்பு எண்ணைக் கொண்டே ஊகிக்கின்றது. கைப்பேசி இணைப்பில் அவ்வெண் பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் மையத்தையே சுட்டும். எனவே முதலிருவர்க்கும் கொழும்பு என்னும் பெயரே பதியக்கூடும். மூன்றாமவர் கனேடிய வாசகராவர். இவ்வறிக்கையை மேலோட்டமாக நோக்குவோர், சம்பூர் பற்றிச் சம்பூரில் வாசிப்பார் இலர் எனவும், கொழும்பாரும் கனேடியரும் ஆர்வமுடையர் எனவும் முடிவுசெய்வர். மூவரும் ஓரூரார் என்பது எண்ணில் இல்லை. இடம்பெயர்வை வாழ்வாகக் கொண்டதொரு சமூகத்துக்கு, கருவி நிற்கும் இடத்தை ஆளின் ஊராகக் காட்டும் கணக்கு இருமுறை தவறானது.

காலத்தோடு எண் உயர்வதும் தாழ்வதும் அவ்வாறே பொருளறிந்து நோக்கற்பாலன. சம்பூர் என்னும் பெயர் உலகச் செய்திகளில் அவ்வப்போது எழுந்தது. 2006இல் போர்ச் செய்தியாகவும், இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு 500 மெகாவாற் நிலக்கரி மின்னிலையம் அமைக்கும் உடன்பாட்டுச் செய்தியாகவும் எழுந்தது. 2016இல் அந்நிலையம் கைவிடப்பட்ட செய்தியாக எழுந்தது. 2025 ஏப்பிரல் 5இல் 120 மெகாவாற் சூரிய மின்னிலையத்தின் தொடக்க நிகழ்வாக எழுந்தது. இத்தகைய நாட்களில் ஊர்ப்பெயரைத் தேடுவோர் பெருகுதல் இயல்பு. அவர்கள் தேடியது மின்னிலையம் எங்கு அமையும் என்பதை. ஊரின் கோயிலையோ வயலையோ வழக்காற்றையோ அன்று. செய்தி மறைந்தபின் எண் தாழும். அத்தாழ்வு, அப்பக்கம் மதிப்பிழந்ததைக் காட்டுவதன்று. அலை வந்து போன பின்னும் கரையில் நிற்போர் எத்துணையர் என்பதே நோக்கற்குரியது. மேலும், ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதித் தேடுவோரும், ஆங்கில எழுத்தில் இருவேறு விதமாக எழுதித் தேடுவோரும் வெவ்வேறு வரிசைகளிற் பதிவாகின்றனர். ஒரூரின் வாசகர் மூன்று துண்டாகச் சிதறி, ஒவ்வொரு துண்டும் சிறிதெனக் கழிக்கப்படுவதும் உண்டு.

அற்றேல் இவ்வெண்களை நோக்குதலே வீண் எனலாமோ எனின், அற்றன்று. பொருளும் ஆளும் குறைந்த தளங்களுக்கு எது முந்தியது எது பிந்தியது எனத் துணிய ஏதேனுமொரு கருவி வேண்டும். ஒரே தளத்தில், ஒரே முறையில், பல திங்களாக எடுக்கப்பட்ட எண்கள் தம்முள் ஒப்பிடத்தக்கவை. தனியெண் உண்மையினின்றும் விலகியிருப்பினும், விலகல் ஒரே தன்மையதாயின் போக்கு உண்மையாகவே தோன்றும். வருவோரிற் பெரும்பாலார் கைப்பேசியினர் எனக் கண்டால், கனத்த படக்கோப்புகளோடு எழுத்துவடிவையும் தருதல் கடமை என்பது தெளிவாகும். இல்லாத பக்கத்துக்கு மீண்டும் மீண்டும் வேண்டுகை வருமாயின், எங்கோ ஓர் இணைப்பு அறுந்துள்ளது என அறியலாம். எல்லாவற்றினும் பயனுடையது, தளத்தினுள்ளே தேடிக் காணாது சென்றோரின் சொற்பட்டியல். ஒருவர் தம்மூர்ப் பாடசாலையின் மலரையோ, தம் பாட்டனார் எழுதிய நூலையோ பெயர் எழுதித் தேடி, ஒன்றுமில்லை என்னும் விடையோடு திரும்புகின்றார். பத்தாயிரம் பார்வைகள் கூறாததை அவ்வொரு தேடல் கூறும். என்ன வேண்டும் என்பதை வாசகர் தம் சொல்லாலேயே எழுதிச் சென்ற இடம் அது.

தீங்கு நேர்வது அளவை நோக்கமாக மாறும்போது. இங்கிலாந்துப் பொருளியலறிஞர் சாள்ஸ் குட்ஹாட் 1975இல் பணக்கொள்கை பற்றிக் கூறிய கருத்தொன்று இன்று பல துறைகட்கும் பொருந்துவதாக எடுத்தாளப்படுகின்றது. ஓர் அளவை இலக்காக ஆக்கப்படின் அது நல்ல அளவையாக இருத்தலை இழக்கும் என்பது அதன் சாரம். பரீட்சைப் புள்ளி கல்வியின் அறிகுறியாக இருந்தவரை பயனுடையதாயிருந்தது. புள்ளியே கல்வியின் குறிக்கோளானபோது வினாக்களுக்கு விடையை மனனஞ் செய்விக்கும் முறை வளர்ந்தது. இணையத்திலும் அதுவே. பார்வை எண் உயர்தற்காக ஒரு செய்தியைப் பல பக்கமாக வெட்டுதலும், செய்தியின் உயிரான சொல்லைத் தலைப்பில் மறைத்து வைத்தலும், ஒருவர் இறந்தார் என ஐயுறுமாறு எழுதி உள்ளே மறுத்தலும் தமிழ்த் தளங்களிற் காணாத காட்சிகள் அல்ல. அங்கு எண் உயர்கின்றது. வாசகரின் நம்பிக்கை தாழ்கின்றது. நம்பிக்கைக்கு அறிக்கையில் வரிசை இல்லை.

எண்ணிக்கையை மதிப்பாகக் கொள்வோர்க்கு வரலாறு விடையளிக்கின்றது. 1887க்கு முன் கலித்தொகை ஏடுகளை நாடியோர் தொகை மிகச் சிறிது. அன்று வருகைக் கணக்கொன்று எடுக்கப்பட்டிருந்தால், பயன்பாடு குறைந்தது எனக் குறிக்கப்பட்டுக் கழிக்கப்படும் வரிசையிலேயே அவ்வேடுகள் நின்றிருக்கும். தாமோதரம்பிள்ளை வாசகரை எண்ணிவிட்டுப் பதிப்பிக்கத் தொடங்கினாரல்லர். ஏடு அழியுமுன் காத்தல் வேண்டும் எனக் கருதியே தொடங்கினார். வாசகர் பின்னர் வந்தனர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அரியனவாகிய சுவடிகளையும் பழம் பதிப்புகளையும் நாள்தோறும் கேட்டு வாங்கியவர் சிலராகவே இருந்திருத்தல் கூடும். இழப்பின் அளவை அச்சிலரின் தொகையால் அளப்பார் எவருமிலர்.

இந்நோக்கிற் காணும்போது, பாடசாலை ஆண்டு மலர்கள், கோயிற் கும்பாபிடேக மலர்கள், சிற்றூர் வரலாறுகள், நினைவு மலர்கள் ஆகியவற்றையும் நூலகம் போன்ற முயற்சிகள் தொகுத்து வருவதன் அருமை புலனாகும். இவற்றின் ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்கு ஒருசில பார்வைகளையே பெறக்கூடும். ஆயின் அப்பார்வைகள் எத்தகையன? போரினால் வீட்டோடு ஏடுகளையும் பத்திரங்களையும் இழந்த ஒருவர் தம் தந்தை கற்ற பாடசாலையின் மலரில் அவர் பெயரைக் காண்கின்றார். ஊர்ப்பெயரின் பழைய வடிவத்தைத் தேடும் ஆய்வாளர் அதனை ஒரு கோயில் மலரில் மட்டுமே காண்கின்றார். சினிமாச் செய்தியொன்றின் ஓராயிரம் பார்வையும் இவ்வொன்றும் கணக்கேட்டில் ஒரே வகை அலகுகளாகக் கூட்டப்படுகின்றன. கூட்டல் சரியானது, கூட்டப்பட்டவை ஓரினத்தன அல்ல.

ஆகவே வருகைக் கணக்கைக் கையாள்வோர் ஒவ்வோர் எண்ணின் முன்னும் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். எண்ணப்பட்டது யாது: வேண்டுகையா, கருவியா, அமர்வா? எண்ணியவர் எந்த வரையறையைக் கொண்டார். அவ்வரையறை இடையில் மாறியதுண்டா? புகுந்த நிரல்கள் விலக்கப்பட்டனவா? எண்ணில் அகப்படாது வாசித்தவர் யாவர்? அன்று எண் உயர்தற்குத் தளத்தின் புறத்தே காரணம் உண்டா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரும், பாதுகாத்தற்குரியது எது என்பதை எண் கூறாது. அதனைத் துணிவது நூலறிவும் ஊரறிவும் உடையோர் கடன். பொருளுதவி நல்கும் அமைப்புகளும், தளம் நடத்தும் இளைஞரும், அறிக்கையின் ஒரு பக்கத்தில் எண்களை இடுவாராயின், எதிர்ப்பக்கத்தில் அவ்வாண்டு அழிவினின்றும் காக்கப்பட்ட நூல்களின் பெயர்களை இடுதல் முறையாகும். எண்ணறிவு பெருகிவரும் இக்காலத்து மாணவர், கணக்கைப் போடக் கற்பதோடு கணக்கை வாசிக்கவும் கற்பாராயின், தமிழ் மின்னூலகங்களின் வருங்காலம் நல்லோர் கையில் இருக்கும்.